நீர் வடிக்கும் மண்பாண்டம்

புதுப் பானையில் நீரை ஊற்றி வைத்தால் சிறிது நேரத்தில் அதன் வெளிப்புறத்தில் வியர்வை அரும்புவது போல ஈரம் தோன்றுவதை நாம் அனைவரும் அறிவோம். அந்த ஈரம் காற்றில் உலரும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதனால் உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. ஊறுகாய் ஜாடியோ எத்தனை நாள் நீர் வைத்திருந்தாலும் வியர்ப்பதில்லை. பானையும் மண், ஜாடியும் மண். இரண்டும் சூளையில் வெந்தவையே. ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளிருந்து வெளிவரை தொடர்ந்து செல்கின்றன. மற்றொன்றில் அத்துளைகள் மிகுந்த உஷ்ணத்தில் உருகி அடைபட்டுப் போயின. வேற்றுமை இவ்வளவே.

இந்தத் துளைகளைத் தற்செயலாக அமைய விடாமல், எத்தனை பெரியவை, எத்தனை நெருக்கமானவை, ஒன்றோடொன்று எவ்வாறு இணைந்தவை என்று முன்கூட்டியே வகுத்துச் செய்வது ஒரு தனித் தொழில்நுட்பம் ஆகும். அதன் பயன்களுள் கிராமத்திற்கு மிக அண்மையில் நிற்பது குடிதண்ணீரை வடிக்கும் பானை. மண்ணும் உமியும் கலந்து செய்யப்படும் இப்பானை, கலங்கிய நீரைத் தெளிவாக்குவதோடு, வயிற்றுப்போக்கு, வாந்திபேதி போன்ற நோய்களை உண்டாக்கும் கிருமிகளில் பெரும் பகுதியைத் தடுத்து நிறுத்தவும் வல்லது. ஆனால் ஒன்றை முதலிலேயே கூறிவிடல் நலம். வேகமாக நீர் தரும் பானையையே வாங்குவோர் விரும்புவர். செய்வோரும் அதையே தர முனைவர். வடிக்கும் பானையைப் பொறுத்தவரை இந்த விருப்பம் ஆபத்தானது. அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் ஓடிவரும் நீர், பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும், வடிக்கப்படாத நீராக இருக்கக்கூடும். பஞ்சாயத்து ஒன்று இத்தகைய பானைகளை வாங்கிப் பள்ளிக்கும் வீடுகளுக்கும் வழங்க எண்ணினால், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும் என்பதை அங்கத்தினர்கள் தாமே அறிந்திருப்பது இன்றியமையாதது.

துளையும் வழியும்

ஒரு பொருளில் வெற்றிடம் நிறைய இருப்பது வேறு. அதன் வழியே நீர் செல்வது வேறு. ஊரில் நூறு அறைகள் கட்டி, ஓர் அறைக்கும் வாயில் வைக்காவிட்டால் யாரும் உள்ளே புகுந்து வெளியேற முடியாது. நுரைக்கல் நீரில் மிதப்பது அதன் அறைகளிற் பல மூடியே இருப்பதனால் தான். ஆகவே வடிகலம் செய்வோர்க்கு வேண்டுவது வாயில் திறந்த அறைகள்; அதுவும் வாயில்கள் மிகச் சிறியவையாக இருத்தல் வேண்டும்.

எவ்வளவு சிறியவை? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான் எனப்படும். மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் பருமன் உடையது. சீதபேதியை உண்டாக்கும் அமீபாவின் கூடு 10 மைக்ரானுக்கு மேற்பட்டது. மலத்தினால் நீர் கெட்டதற்கு அடையாளமாகக் கொள்ளப்படும் ஈ.கோலி என்னும் கிருமி சுமார் 2 மைக்ரான் நீளமும் ஒரு மைக்ரானுக்குக் குறைந்த அகலமும் உள்ளது. எனவே ஒரு மைக்ரான் அளவை ஒட்டிய துளைகளைக் கொண்ட சுவரில் இவை பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும். துளை சற்றே பெரிதாக இருந்தாலும், வழி நேராக இல்லாமல் வளைந்து வளைந்து செல்வதனால் கிருமிகள் சுவரில் ஒட்டி நின்றுவிடுவதும் உண்டு.

இனி, துளையின் பருமனுக்கும் ஓட்டத்திற்கும் உள்ள தொடர்பைக் காண்போம். வாய்க்காலில் மடையை இருமடங்கு அகலமாக்கினால் நீரும் ஏறத்தாழ இருமடங்கு பாயும் என்பது விவசாயிகளின் அனுபவம். நுண்ணிய குழாய்களில் கணக்கு அவ்வாறு அன்று. குழாயின் விட்டம் இருமடங்கானால் நீர் 16 மடங்கு செல்கின்றது; மும்மடங்கானால் 81 மடங்கு. ஆகையால் பானையின் சுவரில் கோடிக்கணக்கான நுண்துளைகள் சேர்ந்து செய்யும் வேலையை ஒரேயொரு பெருந்துளை கெடுத்துவிடக் கூடும். ஒன்றரை சென்டிமீட்டர் கனமுள்ள சுவரில் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஊசித்துளை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் மேல் ஒரு சாண் ஆழத்திற்கு நீர் நின்றால், அந்த ஒரு துளை மட்டுமே மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீரைக் கீழே விட்டுவிடும். நல்ல பானை முழுவதும் வடிக்கும் நீரோ மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தான். அப்படியானால் நம் தம்ளரில் விழும் நீரில் கால்பங்கு வடிக்கப்படாத கிணற்று நீராகவே இருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

துளைகளை உண்டாக்கும் முறைகள்

மண்ணில் துளைகளை அமைக்கப் பல வழிகள் உள்ளன. ஒன்று, எரிந்து போகும் பொருளை மண்ணோடு கலந்து சுடுவது. உமி, மரத்தூள் போன்றவை சூளையில் எரிந்து நீங்க, அவை இருந்த இடம் வெற்றிடமாகின்றது. மற்றொன்று, களிமண் கூழை நுரைக்கச் செய்து அந்த நுரை அடங்குமுன் இறுகச் செய்து சுடுவது. மூன்றாவது முறை வியப்பானது. பஞ்சு போன்ற செயற்கை நுரைப்பொருளை மண் கூழில் தோய்த்துப் பிழிந்து உலர்த்திச் சுடுகிறார்கள். பஞ்சு எரிந்து மறைய, அதன் வலைப்பின்னல் முழுவதும் சுட்ட மண்ணாக நிற்கின்றது. இம்முறைக்கு 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. எடுத்துக்கொள்ளும் பஞ்சில் ஓர் அங்குலத்திற்கு எத்தனை கண்கள் உள்ளனவோ அதற்கேற்பச் சுட்ட நுரையின் கண்களும் அமைவதால், துளையின் அளவு செய்பவன் கையில் இருக்கின்றது. வார்ப்படத் தொழிற்கூடங்களில் உருகிய உலோகத்தை இத்தகைய நுரைத்தகட்டின் வழியே ஊற்றிக் கசடு நீக்குகிறார்கள். மண்ணில் துளை செய்யும் கலை எங்கெங்கு செல்கிறது என்பதற்கு இது ஒரு சான்று. ஆயினும் நுரைத்தகட்டின் கண்கள் கண்ணுக்கே தெரியும் அளவினவாதலால் அது கிருமியைத் தடுக்க உதவாது. குடிதண்ணீருக்கு உமிமுறையே பொருத்தமாகும்; அதுவே நம் குயவர்களின் கைப்பழக்கத்திற்கும் அண்மையில் உள்ளது.

உமிமுறையில் பானை செய்யும் வழக்கம் மத்திய அமெரிக்காவில் தோன்றிப் பரவிற்று. குவாத்தமாலா நாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் என்பவர் 1981-இல், ஏழை மக்களும் உள்ளூர்க் குயவரும் செய்துகொள்ளத்தக்க வடிபானையை வகுத்தார். 1998-இல் மிட்ச் என்னும் பெரும்புயல் நிகராகுவாவைத் தாக்கியபின், ரான் ரிவேரா என்பவர் இதைப் பெருமளவில் செய்யும் முயற்சியில் ஈடுபட்டார். தம் முறையை மறைத்து வைக்காமல் நாடு நாடாகச் சென்று குயவர்களுக்குக் கற்பித்த அவர், 2008-இல் மறைவதற்குள் சுமார் 30 தொழிற்கூடங்கள் ஏற்படத் துணை நின்றார். நெல் விளையும் கம்போடியாவில் உமியைக் கொண்டு இப்பானைகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையிலும் இத்தொழில் தொடங்கப்பெற்றது.

மண், உமி, சல்லடை

பானையின் உருவம் பூந்தொட்டியை ஒத்தது. அடியில் துளை மட்டும் இராது. 7 முதல் 10 லிட்டர் வரை கொள்ளும். அகன்ற விளிம்பினால் ஒரு வாளியின் வாயில் தொங்கி நிற்கும். வடிந்த நீர் வாளியில் சேர, அடியிலுள்ள குழாய் வழியே பிடித்துக் குடிக்க வேண்டும்.

சாதாரணப் பானைக்குக் குயவர் ஈரமண்ணை மிதித்துப் பதப்படுத்துவர். வடிபானைக்கு மண்ணை முதலில் உலர்த்தி இடித்துச் சலித்துத் தூளாக்கிக்கொள்ள வேண்டும். கல்லும் வேரும் சுண்ணாம்புக் கட்டியும் உள்ளே இருத்தல் கூடாது. சுண்ணாம்புக் கட்டி சூளையில் வெந்து, பின்னர் ஈரம் பட்டவுடன் பொங்கிச் சுவரை வெடிக்கச் செய்யும். உமியையும் அவ்வாறே அரைத்துச் சலிக்க வேண்டும். இங்கேதான் துளையின் அளவு முடிவாகின்றது. சலிக்காத முழு உமி, தன் உருவத்திலேயே பெரிய வெற்றிடங்களை விட்டுச் செல்லும். ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாதபடி சலித்த உமி சிறிய அறைகளை அமைக்கும். அந்த அறைகளுக்கு இடையேயுள்ள மண்சுவரில் இயல்பாகவே அமையும் மிக நுண்ணிய துளைகளே உண்மையான வாயில்கள். உமி அறைகளைத் தருகிறது; மண் வாயில்களைத் தருகிறது என்று கொள்ளலாம்.

உமியின் அளவு எவ்வளவு என்னும் கேள்விக்கு ஊருக்கு ஊர் விடை வேறுபடும். எடையில் மண் மூன்று அல்லது நான்கு பங்குக்கு உமி ஒரு பங்கு என்று தொடங்கிச் சோதித்துப் பார்க்கலாம். உமி குறைந்தால் அறைகள் தனித்தனியே சிதறி நின்று நீர் வெளிவர வழி இராது. உமியைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வந்தால், ஓர் அளவு வரை மாற்றம் அதிகம் தோன்றாது. அதன்பின் அறைகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ள, ஓட்டம் திடீரென உயரும். மேலும் கூட்டினால் பானை நொறுங்கும், பெருவழிகளும் திறந்துவிடும். ஆகையால் கண்ணளவாகக் கூடையால் அள்ளிப் போடும் பழக்கம் இத்தொழிலுக்கு உதவாது. மண்ணையும் உமியையும் நீரையும் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். ஏரியின் ஒரு பக்கத்து மண்ணை விட்டு மறுபக்கத்து மண்ணை எடுத்தாலும், வேறு அரவை ஆலையின் உமியை வாங்கினாலும், மறுபடியும் சில பானைகள் செய்து அளவைச் சரிபார்த்துக்கொள்ளல் வேண்டும்.

உலர்ந்த நிலையிலேயே மண்ணையும் உமியையும் நன்கு கலந்தபின் நீர் சேர்த்துப் பிசைய வேண்டும். பின் திரிகையில் வனைவதைவிட அச்சில் இட்டு அழுத்துவதே நல்லது. திரிகையில் தேர்ந்த கைக்கும் ஒரு பானையின் அடியும் விளிம்பும் ஒரே கனமாக அமைவது அரிது. சுவரின் கனம் பாதியானால் ஓட்டம் இருமடங்காகும். இரும்பு அச்சும், லாரிகளைத் தூக்கும் ஜாக்கியும் கொண்டு பல நாடுகளில் எளிய அழுத்துபொறிகளை அமைத்திருக்கிறார்கள். குயவரின் கைத்திறனுக்கு இதனால் இழுக்கு என்று நாம் கருதவில்லை. அச்சுக்கு முன்னும் பின்னும் அவருடைய கண்ணும் கையும் இல்லாமல் ஒன்றும் நடவாது. குறிப்பாக நிழலில் மெல்ல உலர்த்துவதிலும் சூளையை ஆள்வதிலும்.

சூளையில் நடப்பது

முற்றும் உலராத பானையைச் சூளையில் அடுக்கினால் உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகிச் சுவரைப் பிளக்கும். எனவே தொடக்கத்தில் உஷ்ணத்தை 100 டிகிரியை ஒட்டி நெடுநேரம் வைத்திருந்து, அதன்பின் மெல்ல ஏற்ற வேண்டும். இடைப்பட்ட உஷ்ணத்தில் உமி எரியத் தொடங்கும். அது எரிவதற்குக் காற்று வேண்டும். காற்றோட்டம் இன்றி அவசரமாகச் சுட்ட பானையை உடைத்துப் பார்த்தால் சுவரின் நடுவே கரிய பட்டை காணப்படும். எரியாத கரி துளைகளில் நின்றுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அத்தகைய பானை சரிவர வடிக்காது.

இறுதி உஷ்ணம் பொதுவாக 800 முதல் 900 டிகிரி வரை இருக்கும். அதற்குக் குறைந்தால் மண்துகள்கள் ஒன்றோடொன்று பற்றாமல், நீரில் ஊறியதும் கரையும். மிகவும் ஏறினால் மண் கண்ணாடி போல் உருகத் தொடங்கி, நாம் அரும்பாடுபட்டு அமைத்த வாயில்களை மூடிவிடும். தொடக்கத்திற் கூறிய ஊறுகாய் ஜாடியின் நிலை அது. நிறத்தைப் பார்த்தே உஷ்ணத்தை மதிப்பிடும் முதியவர்கள் நம் ஊர்களில் இன்றும் உள்ளனர். ஆயினும் சூளையின் மேலடுக்கிற்கும் கீழடுக்கிற்கும் நூறு டிகிரி வேற்றுமை இருப்பது அரிதன்று. உஷ்ணமானி ஒன்றையோ, குறித்த உஷ்ணத்தில் வளையும் சோதனைக் கூம்புகளையோ உபயோகித்தல் செலவுக்குத் தகுந்த பயன் தரும்.

இரண்டு சோதனைகள்

சூளையிலிருந்து எடுத்த பானை இன்னும் வடிபானை ஆகிவிடவில்லை. சோதனையில் தேறிய பின்னரே அப்பெயருக்கு உரியதாகும். முதலில் ஒரு நாள் முழுதும் அதை நீரில் அமிழ்த்தி ஊறவைக்க வேண்டும். துளைகளில் காற்று தங்கியிருக்கும் வரை ஓட்டத்தை அளப்பது வீண்.

ஊறிய பானையின் நீரைக் கொட்டிவிட்டு, வெறும் பானையை வாய் மேலாக இருக்கும்படி நீர்த்தொட்டியில் விளிம்பு வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். நல்ல சுவரில் உட்புறம் எங்கும் ஒரே சீராக மெல்லிய ஈரமே இருக்கும். எங்கேனும் சில விநாடிகளில் நீர் முத்துமுத்தாகத் திரண்டால் அங்கே வெடிப்போ ஊசித்துளையோ உண்டு. அந்தப் பானையைத் தள்ளிவிட வேண்டியதுதான். பூசி அடைத்து விற்பதற்கு இடம் தரலாகாது.

இதில் தேறியவற்றை விளிம்பு வரை நீரால் நிரப்பித் தொங்கவிட்டு, சரியாக ஒரு மணி நேரத்தில் வடிந்த நீரை அளவுக்குவளையில் அளக்க வேண்டும். பெரும்பாலான தொழிற்கூடங்கள் மணிக்கு 1 லிட்டருக்குக் குறையாமலும் இரண்டரை அல்லது 3 லிட்டருக்கு மேற்படாமலும் உள்ளவற்றையே ஏற்கின்றன. நிரம்பிய பானையையே அளப்பதன் காரணம், நீரின் ஆழம் குறையக் குறைய ஓட்டமும் குறைவதுதான். அரைப் பானை நீரில் அளந்து, மெதுவாகத்தான் வடிக்கிறது என்று சொல்வது கணக்காகாது. மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வெதுவெதுப்பான நீர் குளிர்ந்த நீரைவிட எளிதாக ஓடும். 20 டிகிரியில் உள்ள நீரைவிட 30 டிகிரியில் உள்ள நீர் ஏறத்தாழ கால்பங்கு கூடுதலாக வடியும். மார்கழியில் அளந்ததையும் சித்திரையில் அளந்ததையும் ஒப்பிடுவோர் இதை மறத்தல் ஆகாது.

மணிச் சோதனை ஒன்றே போதாதா என்று கேட்கலாம். முன்னர்க் கூறிய ஊசித்துளைப் பானையை நினைவுகூர்வோம். நல்ல சுவர் வழியே ஒன்றரை லிட்டரும், ஊசித்துளை வழியே அரை லிட்டருமாக அது மணிக்கு 2 லிட்டர் தரும். அளவுக்குள் அடங்கிவிட்டதே என்று அதனை ஏற்றுக்கொண்டால் கிருமியையும் ஏற்றுக்கொண்டவர் ஆவோம். ஆகவேதான் இரு சோதனைகளும் தேவை. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. நகரங்களிலும் பல கிராம வீடுகளிலும் எவர்சில்வர் வடிகலத்தில் உபயோகிக்கும் வெள்ளை மெழுகுவத்திக்கும் இதே போன்ற சோதனை உண்டு. வத்தியை நன்கு ஊறவைத்து, அதன் காம்பில் ரப்பர்க் குழாயை மாட்டி, நீரினுள் அமிழ்த்தி வாயால் ஊத வேண்டும். நீர் நிறைந்த நுண்துளை நம் மூச்சின் வலிமைக்கு இடம் கொடாது. வெடிப்பிருந்தால் அவ்விடத்திலிருந்து குமிழிகள் கிளம்பும்.

தேறிய பானைகளின் இருபுறமும் வெள்ளியின் நுண்துகள் கரைசலைப் பூசுவது வழக்கம். துளைகளில் தங்கிய கிருமிகள் அங்கேயே பெருகாதபடி அது தடுக்கின்றது. முதலில் வடியும் சில பானை நீரைக் குடிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

பானை செய்யாதவை

கம்போடியாவில் இப்பானைகளை உபயோகித்த வீடுகளில் ஆராய்ச்சியாளர் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உபயோகிக்காத வீடுகளைவிட வயிற்றுப்போக்கு 46 சதவீதம் குறைவாக இருந்ததாகக் கண்டனர். குழந்தைகள் உள்ள வீட்டார்க்கு இது சிறிய செய்தி அன்று. அதே ஆய்வில் வேறொன்றும் தெரியவந்தது. மாதந்தோறும் சுமார் 2 சதவீத வீடுகளில் பானை உபயோகத்திலிருந்து நின்றுவிட்டது. பெரும்பாலும் உடைந்து போனதே காரணம். உடைந்ததற்கு மாற்றுப் பானை அருகிலேயே விலைக்குக் கிடைக்காவிட்டால், சில ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் பழையபடி வடிக்காத நீருக்கே திரும்பிவிடும். இலவசமாக ஒரு முறை வழங்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு பணி முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இக்கணக்கே போதும்.

மேலும் இப்பானை எல்லா நோயையும் தடுக்காது. இதைப் புகையிலை வாயிலாக உலகம் அறிந்துகொண்டது என்பது விவசாயிகளுக்குச் சுவையளிக்கும். 1884-இல் பிரான்சு நாட்டில் பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஷாம்பர்லாண்ட் என்பவர், கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் பீங்கான் வடிகுழாயைச் செய்தார். 1892-இல் ருஷ்ய அறிஞர் இவானோவ்ஸ்கி, தேமல் நோய் கண்ட புகையிலை இலையின் சாற்றை அக்குழாயில் வடித்தார். வடித்த சாறும் நல்ல செடிக்கு நோயைத் தந்தது! பீங்கானின் துளையிலும் புகுந்து செல்லும் மிக நுண்ணிய நோய்ப்பொருள் ஒன்று உண்டு என்பது இவ்வாறு வெளிப்பட்டது. அதனையே இன்று வைரஸ் என்கிறோம். நீரினால் பரவும் மஞ்சள் காமாலையின் வைரஸ் ஒரு மைக்ரானில் முப்பதில் ஒரு பங்கு அளவே உள்ளது. அதற்கு வடிபானை ஒரு தடையே அன்று. ஊரில் காமாலை கண்டால் வடித்த நீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். பொதுக் குடிநீர்த் தொட்டிக்குக் குளோரின் இடுவதையும் நிறுத்தலாகாது.

நீரில் கரைந்துள்ள உப்பையும் புளோரைடையும் எந்தத் துளையும் தடுக்காது. சர்க்கரை கரைந்த நீரைத் துணியில் வடித்தால் இனிப்பு நின்றுவிடுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளைப் போல நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ள இடங்களில், லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்ட கிணறுகளை விலக்கி வேறு நீருக்கு வழி செய்வதே முறை. அங்கே வடிபானையை வழங்கினால், நீர் தெளிவாகிவிட்டது என்னும் பொய்யான நம்பிக்கையில் மக்கள் அந்தக் கிணற்றையே தொடர்ந்து நாடுவர்.

வீட்டில் பேணும் முறையும் சோதனையைப் போலவே முக்கியமானது. கலங்கிய நீரை நேரே ஊற்றினால் துளைகள் விரைவில் அடையும். பாத்திரத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, நீரை அதில் தெளியவிட்டு, மேலாக எடுத்து ஊற்றும் பழைய வழக்கத்தை இங்கே மேற்கொள்ளலாம். ஓட்டம் குறைந்தபோது உட்புறத்தைத் தூரிகையால் தேய்த்தால் மீண்டும் சீராகும். சோப்பு உபயோகிக்கலாகாது. பானையின் வெளிப்புறத்தைக் கையால் தொடுவதையும், கழற்றிய பானையைத் தரையில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். வாளியைத் திறந்து தம்ளரை விட்டு மொள்வது, வடித்த பயனை எல்லாம் கையின் அழுக்கினால் அழிப்பதாகும். தேய்க்காமலேயே ஒரு நாள் ஓட்டம் கூடினால் மகிழ்வதற்கு இல்லை. எங்கோ வெடித்திருக்கிறது என்று கொண்டு பானையை மாற்ற வேண்டும்.

பஞ்சாயத்து வாங்கும்போது

ஒரு பானைக்கு இவ்வளவு என்று மட்டும் விலை கேட்டுக் குறைந்த விலைக்காரரைத் தேர்ந்தெடுத்தால், சோதனையில் தள்ள வேண்டியவற்றைத் தள்ளாதவரே எப்போதும் வெல்வார். நேர்மையான குயவர் செய்பவற்றில் ஒரு பகுதியைத் தாமே கழித்துவிடுகிறார். அந்த நட்டம் நல்ல பானையின் விலையில் சேர்ந்தே இருக்கும். எனவே விலைப்பட்டியல் கேட்கும் கடிதத்திலேயே, அமிழ்த்திப் பார்க்கும் சோதனையையும் மணி அளவையும் நிபந்தனையாக எழுத வேண்டும். ஒவ்வொரு பானையின் விளிம்பிலும் எண் பொறித்து, அவ்வெண்ணுக்கு நேராக அதன் மணி ஓட்டத்தைக் குறித்த பதிவேட்டையும் கேட்டுப் பெற வேண்டும். வந்திறங்கிய பானைகளில் பத்துக்கு ஒன்றையேனும் பஞ்சாயத்து அலுவலகத்திலேயே ஊறவைத்து மறுபடி அளத்தல் நலம். வாளியும் குவளையும் கடிகாரமும் தவிர வேறு கருவி வேண்டியதில்லை. வடித்த நீரில் மலக்கிருமி உண்டா என்று அறிய, கறுப்பு நிறம் காட்டும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி உதவும். நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களே 1982-இல் வெளியிட்ட முறை அது. நீரை அதில் நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைத்திருந்தால் போதும். ஐயமுள்ளவற்றைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பலாம்.

உள்ளூரிலேயே இத்தொழிலைத் தொடங்க விரும்பும் குயவர்களுக்கு, ஏரிக் களிமண் எடுக்க உரிய அனுமதி காலத்தில் கிடைக்கச் செய்வதும், மண்ணை முன்னதாகவே ஆய்வுக்கு அனுப்பி அதில் ஈயம், ஆர்சனிக் போன்ற நச்சுப்பொருள்கள் இல்லை என உறுதி செய்துகொள்வதும் பஞ்சாயத்து செய்யக்கூடிய உதவிகளாகும்.

கழித்த பானைகளை என்ன செய்வது என்னும் கேள்வி எஞ்சுகின்றது. மணிச் சோதனையை வெள்ளிக் கரைசல் பூசுமுன்பே நடத்திவிட்டால், ஓட்டம் மிகுந்து தள்ளப்பட்ட பானைகள் வயலுக்குப் பயன்படும். சீன நாட்டில் 2,000 ஆண்டுகட்கு முற்பட்ட வேளாண் நூலொன்று, நிலத்தில் புதைத்த மண்பானையில் நீர் நிரப்பிச் செடிகளை வளர்க்கும் முறையைக் கூறுகின்றது. பானையைக் கழுத்தளவு புதைத்து, சுற்றிலும் பூசணி, பாகல், தர்பூசணி ஆகியவற்றின் விதைகளை ஊன்றி, பானையின் வாயை ஒரு மூடியால் மூடிவிட வேண்டும். மண் காயும்போது பானையிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். மண் நனைந்தவுடன் கசிவு தானே குறையும். வெடிப்புள்ளவை இதற்கும் ஆகா; அவற்றை இடித்துத் தூளாக்கிச் சலித்து, சாதாரணப் பானை வனையும் மண்ணோடு சேர்த்துக்கொள்ளலாம். ஓட்டம் மிகுந்தவற்றைக் கோடையில் காய்கறிப் பாத்திகளுக்கு எடுத்துச் செல்லும் முன், குடிநீர்ப் பானைகளோடு கலந்துவிடாதபடி விளிம்பில் ஒரு மூலையை உடைத்துவிடுவது பாதுகாப்பானது.